வாசகர் கேள்வி – பதில்: படிவத்தில் விடுபட்டுப்போகும் உழைப்பு

கேள்வி: என் மகனுக்கு வயது 19. சிறு வயதிலேயே ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். அறிவுசார் குறைபாடும் உடன் இருக்கிறது. 18 வயது முடிந்த பிறகு சான்றிதழைப் புதுப்பிப்பது, பராமரிப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது, வங்கிக் கணக்குக்காகச் சட்டப்பூர்வப் பாதுகாவலராக என்னை நியமிக்கக் கோருவது என்று படிவங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கின்றன. தாளிலோ நேரிலோ, தானாகக் குளிப்பாரா, தானாக உடுத்துவாரா, கழிப்பறைக்குத் தானாகப் போவாரா என்று எல்லா இடங்களிலும் கேட்கிறார்கள். ‘செய்வான்’ என்றால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. ‘செய்ய மாட்டான்’ என்று எழுதினால், இத்தனை ஆண்டுகளாக அவனுக்குச் சட்டைப் பொத்தான் போடக் கற்றுக்கொடுத்ததை நானே பொய்யாக்குவதுபோல் கை நடுங்குகிறது. படிவத்தை எடுத்துவைத்தால் அன்று இரவு தூக்கம் இல்லை. ‘வெறும் காகிதம்தானே, இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது’ என்கிறார் கணவர். நான் என்ன எழுதுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: வாயால் சொன்னது அந்த அறையோடு போய்விடும், எழுதிக் கையொப்பமிட்டது கோப்பில் நின்றுவிடும். அதனால்தான் உங்கள் கை நடுங்குகிறது என்பதை முதலில் உங்கள் கணவருக்குச் சொல்லுங்கள். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் இத்தனை ஆண்டுகளாக உங்களிடம் கேட்டதெல்லாம் ‘இந்த மாதம் புதிதாக என்ன செய்தான்’ என்பதுதான். அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிப் பழகியவரிடம் திடீரென்று அவனுக்கு என்னவெல்லாம் வராது என்று பட்டியல் கேட்டால் மனம் தடுமாறத்தான் செய்யும்.

ஆனால் உங்களை வாட்டுகிற அந்த இரண்டு விடைகளுமே பாதி உண்மைகள்தான். ‘குளிப்பான்’ என்று நீங்கள் எழுதும்போது, வெந்நீரைப் பதம் பார்த்து வைப்பவர் யார், சோப்பு போட்ட பிறகு தண்ணீர் ஊற்றிக்கொள்ளும்படி கதவுக்கு வெளியே நின்று நினைவூட்டுபவர் யார், உள்ளே தாழ்ப்பாள் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்பவர் யார் என்பதெல்லாம் விடுபட்டுப் போகின்றன. உங்கள் வீட்டில் அது அன்றாடப் பழக்கமாகிவிட்டதால் உங்கள் கண்ணுக்கே தெரிவதில்லை. உங்களையே நீங்கள் விடையிலிருந்து நீக்கிவிடுகிறீர்கள். ஆகவே ‘செய்வான்’, ‘செய்ய மாட்டான்’ என்ற இரண்டையும் விட்டுவிட்டு, எந்த உதவியோடு செய்கிறான் என்பதை எழுதுங்கள். ‘பொத்தான் போடுவார், சட்டையின் முன்பக்கம் எது என்று ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும், அருகில் ஆள் இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவார், உடுத்தி முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும்.’ இதில் நீங்கள் கற்றுக்கொடுத்தது பொய்யாகவில்லை, அலுவலருக்குத் தெரிய வேண்டியதும் மறைக்கப்படவில்லை. கட்டத்தில் இடம் போதாது என்றால், ‘இணைப்பைக் காண்க’ என்று எழுதி ஒரு தனித் தாளைச் சேர்த்துவிடுங்கள்.

இது சலுகை தேடும் தந்திரம் அல்ல, சட்டத்தின் பார்வையே அப்படித்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் மாற்றுத்திறனை வரையறுக்கும்போது உடல் அல்லது மனத்தின் குறைபாட்டோடு நிற்காமல், அக்குறைபாடு சுற்றியுள்ள தடைகளோடு மோதும்போது மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்க முடியாமல் போவதையும் சேர்த்தே சொல்கிறது. அன்றாடச் செயல்களுக்குத் தீவிர ஆதரவு தேவைப்படுவோரைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஆட்டிசத்தை மதிப்பிட நம் நாட்டில் பயன்படும் அளவுகோலில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் ‘அரிதாக’ என்பதில் தொடங்கி ‘எப்போதும்’ என்பது வரை ஐந்து படிகள். ஆம், இல்லை என்று மட்டும் அங்கேயும் கேட்பதில்லை. அவன் மிக நன்றாக இருந்த நாளையோ மிக மோசமான நாளையோ நினைத்துக்கொண்டு பதில் சொல்லாமல், சாதாரணமான ஒரு வாரத்தை மனத்தில் வைத்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கையில் உள்ள மூன்று காரியங்களைப் பார்ப்போம். மத்திய அரசின் மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, அறிவுசார் குறைபாட்டுக்கு 18 வயதில் வழங்கப்படும் சான்றிதழ் வாழ்நாள் முழுவதும் செல்லும். எனவே இந்தச் சுமை திரும்பத் திரும்ப வரப்போவதில்லை. அந்தச் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும் என்பதையும் சட்டம் உறுதி செய்திருக்கிறது. அடுத்தது உதவித்தொகை. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளோர் இதில் அடங்குவர். வருவாய்த்துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் வேறு. அது 2023 ஜனவரி முதல் 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இரண்டில் ஒன்றைத்தான் பெற முடியும் என்பதால், வேறு துறையில் உதவி பெறவில்லை என்ற சான்றைக் கேட்பார்கள். இந்த வேறுபாடு தெரியாமல் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் நல அலுவலகத்துக்கும் இடையே அலைந்து சோர்ந்துபோகிறவர்கள் நம் நகரத்தில் ஏராளம். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வழங்கப்படும் தனித்துவ அடையாள அட்டை ஒன்று கையில் இருக்கும்போது, அதே விவரங்களை ஒவ்வொரு துறையும் புதிதாக எழுதி வாங்குவது ஏன் என்பது எனக்கும் விளங்கவில்லை.

மூன்றாவது, பாதுகாவலர் நியமனம். பெற்றோர் என்ற முறையில் இயல்பாக இருந்த பாதுகாவலர் உரிமை 18 வயதோடு முடிந்துவிடுவதால், ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஒரு வழியைத் தந்திருக்கிறது. மாவட்ட ஆட்சியரும், பதிவுபெற்ற தொண்டு நிறுவனப் பிரதிநிதி ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் இடம்பெறும் உள்ளூர்க் குழு விண்ணப்பத்தைப் பரிசீலித்து ஆணை வழங்கும். உரிமையியல் நீதிமன்றத்தை நாட வேண்டியதில்லை. வங்கியிலும் அந்த ஆணை செல்லும். நியமனம் பெற்ற பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரமும், பின்னர் ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பிறகு இன்னொரு படிவமா என்று நீங்கள் திகைக்க வேண்டாம். அதே சட்டத்தின்கீழ் உள்ள ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவை ஏற்கிறது. அலுப்பைப் பொறுத்துக்கொண்டு அதற்கும் விண்ணப்பித்துவிடுங்கள்.

எழுதும் முறையையும் சற்று மாற்றிக்கொள்ளலாம். மகன் உறங்கிய பிறகு, நாள் முழுக்க உழைத்த களைப்போடு, தனியாக உட்கார்ந்து எழுதுவதை விட்டுவிடுங்கள். பகலில், நகல் எடுத்த படிவத்தில், நீங்கள் சொல்லச் சொல்லக் கணவர் பென்சிலால் எழுதட்டும். அவனுக்கு ஒவ்வொரு நாளும் எத்தனை முறை எதைச் சொல்ல வேண்டியிருக்கிறது என்று தம் கையாலேயே எழுதிப் பார்த்தால், காகிதம்தானே என்ற பேச்சு தானாகவே குறைந்துவிடும். மறுநாள் படித்துப் பார்த்துத் திருத்தி அசல் படிவத்தில் பேனாவால் எழுதி, மீண்டும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த அலுவலகத்தில் அதைப் பார்த்து எழுதினால் போதும், மறுபடியும் யோசித்து யோசித்து மனம் நோக வேண்டாம். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். அவன் காது கேட்கும்படி இந்த விடைகளைப் பேசாதீர்கள். பேச்சு வராதவர்களுக்கு எதுவும் புரியாது என்று அலுவலகங்களில் எண்ணிக்கொள்கிறார்கள். வீட்டிலும் நாம் அப்படி நடந்துகொள்ளக் கூடாது. மருத்துவர் அவன் முன்னாலேயே கேட்டால், எழுதி வைத்த தாளை நீட்டி, ‘இதில் எல்லாம் இருக்கிறது, சார்’ என்று சொன்னால் பெரும்பாலோர் புரிந்துகொள்வார்கள்.

கேள்வி: எனக்கு வயது 41. பல ஆண்டுகளாக இருமுனை மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன். தங்கையின் வீட்டில் இருக்கிறேன். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்குப் போன அன்று நான் தெளிவாக இருந்தேன், நன்றாகவே பேசினேன். குறைபாடு 40 சதவீதத்துக்குக் குறைவு என்று எழுதிவிட்டார்கள். அடுத்த முறை முகச்சவரம் செய்யாமல், அழுக்குச் சட்டையோடு போகும்படி நண்பர் சொல்கிறார். அரசு முத்திரையுள்ள உறையைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்கிறது.
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: சவரம் செய்துகொண்டே போங்கள். நண்பரின் யோசனை உங்களைக் கூச வைக்கும். அதோடு, மாற்றுத்திறனாளிக்கான பயனை மோசடியாகப் பெறுவதோ பெற முயல்வதோ உரிமைகள் சட்டத்தின் 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டுச் சிறை வரை தண்டனைக்குரியது. அப்படிப் போவதற்கான தேவையும் இல்லை. மனநோய்க்குப் பயன்படும் அளவுகோல், தன்னைப் பேணுதல், பிறரோடு பழகுதல், பேசுதலும் புரிந்துகொள்ளுதலும், வேலை என்னும் நான்கு பகுதிகளுக்குத் தலா 0 முதல் 4 வரை மதிப்பெண் இடுகிறது. அதன்மேல், எவ்வளவு காலம் நோயின் பாதிப்பில் இருந்தீர்கள் என்பதற்கும் 4 வரை மதிப்பெண் உண்டு. அதாவது, மருத்துவர் பார்க்க வேண்டியது அந்த ஒரு முற்பகலை மட்டுமல்ல, நோயோடு கழிந்த காலத்தையும்தான். அதை அவருக்கு எடுத்துச் சொல்ல ஆள் வேண்டும். நீங்கள் தனியாகப் போயிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்த முறை தங்கையை அழைத்துச் செல்லுங்கள். வேலையை விட்ட மாதம், படுக்கையை விட்டு எழாமல் கிடந்த வாரங்கள், மருத்துவமனையில் சேர்ந்த நாட்கள், மருந்து மாற்றிய நாட்கள் ஆகியவற்றை இருவரும் சேர்ந்து ஒரே தாளில் மாதவாரியாக எழுதிக்கொள்ளுங்கள். மாத்திரையை எடுத்துக் கொடுப்பதும், பணத்தைத் தன் பொறுப்பில் வைத்திருப்பதும், தூங்காத இரவுகளில் உடன் விழித்திருப்பதும் தங்கைதான் என்றால் அதுவும் அந்தத் தாளில் இடம்பெற வேண்டும். நீங்கள் தெளிவாக இருக்கும் நாட்கள் அவர் அளிக்கும் ஆதரவால் கிடைத்தவை என்றால், அந்த ஆதரவையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். பழைய சிகிச்சைக் குறிப்புகளைப் பெறும் உரிமையை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உங்களுக்குத் தருகிறது. தயங்காமல் எழுத்து மூலம் கேளுங்கள்.

இப்போது தரப்பட்டிருக்கும் சதவீதத்தை எதிர்த்து, உரிமைகள் சட்டத்தின் 59ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். மேல்முறையீடு என்றதும் வழக்கறிஞர் கட்டணத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் பேசலாம், அல்லது உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள ஆணைக்குழுவை நேரில் அணுகலாம்.

உறையைப் பிரிக்கும் வேலையைத் தங்கையிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் படித்து, எந்தத் தேதிக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் உங்களிடம் சொல்லட்டும். படபடப்பு தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால், உங்கள் மருத்துவரிடம் இதையும் ஒரு பிரச்சினையாகவே சொல்லுங்கள். இருமுனை நோயில் தூக்கம் கெடுவதை அலட்சியப்படுத்தக் கூடாது. நள்ளிரவில் பேச ஆள் வேண்டும் என்றால் ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநல உதவி எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது, பார்கின்சன் நோய். அடையாள அட்டையும் உதவித்தொகையும் வாங்கித் தருவதாக ஒரு புரோக்கர் 5,000 ரூபாய் கேட்கிறார். அப்பாவால் ஒரே மாதிரி கையெழுத்துப் போட முடியவில்லை. வங்கியில் இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த அவமானத்தில் ‘எனக்கு எதுவும் வேண்டாம்’ என்கிறார்.
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

பதில்: கொடுக்காதீர்கள். தனித்துவ அடையாள அட்டைக்கான விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. நீங்களே இணையத்தில் செய்யலாம், இயலாவிட்டால் இ-சேவை மையத்தில் செய்யலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பட்டியலிடும் 21 வகைக் குறைபாடுகளுள் பார்கின்சன் நோயும் ஒன்றுதான். மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகையிலும் அது இடம்பெற்றிருக்கிறது; எனவே வருவாய்த்துறைக்குப் போவதற்கு முன் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள்.

கையெழுத்துச் சிறுத்துப்போவதும் கோணுவதும் அந்த நோயின் இயல்பு, அதில் அவமானத்துக்கு இடமில்லை என்பதை நீங்கள் சொல்வதைவிட அவருடைய நரம்பியல் மருத்துவர் சொன்னால் அப்பா ஏற்றுக்கொள்வார். விண்ணப்பங்களில் கைரேகை வைக்கலாம். முதுமையாலோ நோயாலோ கையொப்பமிட இயலாதவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடம் தருகின்றன. வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்பான வங்கி அலுவலராக இருக்க வேண்டும். கிளை மேலாளருக்கு மருத்துவச் சான்றோடு ஒரு கடிதம் எழுதி, ஒப்புகை முத்திரையோடு நகலைப் பெற்றுக்கொள்ளுங்கள். அடுத்த முறை அப்பாவை வரிசையில் நிற்க வைப்பதற்கு முன், நீங்கள் மட்டும் போய் இந்த ஏற்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்.