ஸ்கேன் இருக்கிறது, அசல் எங்கே?

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு மதுரை, தேனி, விருதுநகர் மாவட்டங்களில் 38 கடைகள். 6 சொந்தம், மற்றவை வாடகை. இரண்டு வருடம் முன்பு எல்லாப் பத்திரங்களையும் ஸ்கேன் செய்து மென்பொருளில் ஏற்றினோம். இடத்தை அடைக்கிறது என்று என் தம்பி அசல் ஃபைல்களைப் பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டான். இப்போது தேனி கடையின் உரிமையாளர், "அப்படி ஒரு ஒப்பந்தமே இல்லை, காலி செய்யுங்கள்" என்று வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். 100 ரூபாய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதிய 9 வருட ஒப்பந்தம், இன்னும் 5 வருடம் பாக்கி. பதிவு செய்யவில்லை. அட்வான்ஸ் 15 லட்சம், அதில் 10 லட்சம் ரொக்கமாகக் கொடுத்தோம். ஸ்கேன் கோர்ட்டில் செல்லுமா? தம்பி மீதும் மென்பொருள் நிறுவனத்தின் மீதும் வழக்குப் போடலாமா?

பதில்: தம்பி செய்ததையும் உரிமையாளரின் நன்றிகெட்டதனத்தையும் மூன்று பக்கம் எழுதியிருக்கிறீர்கள். வழக்குக்கு அதில் எதுவும் உதவாது. உங்கள் கடிதத்தில் எனக்குத் தேவையானது "பதிவு செய்யவில்லை" என்ற ஒரு வரிதான்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை பதிவு செய்யப்பட்டே ஆக வேண்டும் என்கிறது சொத்து மாற்றுச் சட்டத்தின் 107-வது பிரிவு. பதியாத 9 வருட ஒப்பந்தத்தின் அசலே கையில் இருந்தாலும் நீங்கள் மாத வாடகைதாரர்தான். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டமும் எழுத்து ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்கியிருக்கிறது, அந்தப் பக்கமும் உங்களுக்குப் பலம் இல்லை. ஆகவே பாக்கி 5 வருடத்தைத் தம்பி தொலைக்கவில்லை. கையெழுத்துப் போட்ட அன்றே அது உங்களிடம் இல்லை.

அசலோடு போனது அந்த 10 லட்சம் ரொக்கம். இந்தக் குழியில் பலர் விழுந்து பார்த்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சான்றிதழ் கொடுத்தால் ஸ்கேன் செல்லும் என்று மென்பொருள்காரர்கள் உங்களிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சான்றிதழைக் கேட்பது முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு. அந்தச் சான்றிதழ், இந்தக் கோப்பு இந்தக் கணினியிலிருந்து வந்தது என்பதைச் சொல்லும், அவ்வளவுதான். போதாத மதிப்புள்ள 100 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய குறையை அது தீர்க்காது. அசல் இருந்திருந்தால் பாக்கி முத்திரைத் தீர்வையையும் அபராதத்தையும் (பத்து மடங்கு வரை போகும்) கட்டி, அட்வான்ஸ் போன்ற துணை விஷயத்துக்காவது அதைக் காட்ட முயன்றிருக்கலாம். நகலுக்கு அந்த வழி கிடையாது. அபராதம் கட்டி நகலைச் சரிசெய்ய முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று. என்னிடம் வந்த ஒரு ஜவுளி வியாபாரியும் இப்படித்தான் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தார், முன்பக்கம் மட்டும். நம் ஊரில் அட்வான்ஸ் கூட்டிக் கொடுத்தால் ஸ்டாம்ப் பேப்பரின் பின்பக்கத்தில்தான் பேனாவால் எழுதி, தேதி போட்டு, உரிமையாளரிடம் கையெழுத்து வாங்குவோம். ஸ்கேன் செய்த பையனுக்கு அது தெரியவில்லை, தாளைத் திருப்பவே இல்லை. மூன்று முறை கூட்டிக் கொடுத்த பணத்துக்கு ஒரு எழுத்தும் மிஞ்சவில்லை. குறுக்கு விசாரணையில் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "அசல் எங்கே?" அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எடுபடவில்லை. உங்கள் ஸ்கேன்களிலும் பின்பக்கம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தேனி கடைக்கு என் ஆலோசனை, சமரசம். வழக்கு நடத்தினால் சில வருடம் ஓட்டலாம். ஆனால் கடைசியில் கடையும் போய், வங்கி வழியாகக் கொடுத்த 5 லட்சத்துக்கு மட்டும் கணக்குக் காட்டிக்கொண்டு நிற்பீர்கள். வாடகையைக் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். பதிலுக்குப் பதிவு செய்த புது ஒப்பந்தம் வாங்குங்கள், அதில் "ஏற்கெனவே பெற்ற அட்வான்ஸ் ரூ.15 லட்சம்" என்ற வரி இருக்கட்டும். அந்த ஒரு வரிக்காக வாடகையில் நீங்கள் இறங்கிப் போனாலும் தப்பில்லை. அவர் வாட்ஸ்அப்பில் அட்வான்ஸ் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் அந்த போனை மாற்றாமல், ரீசெட் செய்யாமல் வைத்திருங்கள். நோட்டீஸுக்கு நீங்களே கோபத்தில் பதில் எழுத வேண்டாம்.

சொந்தக் கடைகள் ஆறுக்கும் சார் பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கிடைக்கும், உரிமை போகாது. அடமானக் கடன் கேட்டுப் போனால் மட்டும் மூலப் பத்திரம் எங்கே என்று வங்கி இழுத்தடிக்கும். தொலைந்ததற்கான புகாரையும் பத்திரிகை விளம்பரத்தையும் இப்போதே முடித்துவிடுங்கள்.

எனக்குக் கவலை மற்ற 31 வாடகைக் கடைகள்தான். பதியாத ஒப்பந்தத்துக்கு எந்த அரசு அலுவலகத்திலும் நகல் இருக்காது. பல இடங்களில் அசல் உரிமையாளர் வீட்டு பீரோவில்தான் இருக்கும், உங்களிடம் இருந்தது ஜெராக்ஸாகக்கூட இருக்கலாம். தேனி விஷயம் வெளியே பரவும் முன், ரொக்க அட்வான்ஸ் அதிகமாக உள்ள கடையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு உரிமையாளரையும் நேரில் பார்த்துப் புது ஒப்பந்தம் போட்டுப் பதியுங்கள். உறவு நன்றாக இருக்கும்போது அரை மணி நேரத்தில் கிடைக்கும் கையெழுத்து அது. தம்பியையும் கூட்டிக்கொண்டு போங்கள், எந்தக் கடைக்கு எவ்வளவு ரொக்கம் போனது என்று அவருக்குத்தான் நினைவிருக்கும்.