கணினி கேள்வி – பதில்: சர்வர் என்பது பெட்டியா, வேலையா?

கேள்வி: எங்கள் தணிக்கை அலுவலகத்தில் 12 கம்ப்யூட்டர்கள். ஒன்றில் ஃபோல்டரை ஷேர் செய்து எல்லோரும் பயன்படுத்துகிறோம். சில நாள் காலையில் அது திறப்பதே இல்லை. தனி சர்வர் வாங்கித்தான் ஆக வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: உங்களிடம் ஏற்கெனவே சர்வர் இருக்கிறது. மற்றவை கேட்பதை எடுத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர் எதுவோ, அதுதான் சர்வர். அதைச் சாதாரணக் கம்ப்யூட்டர் போலவே விட்டுவைத்திருப்பதில்தான் சிக்கல்.

முதலில் ஐ.பி. முகவரியை, அதாவது நெட்வொர்க்கில் அந்தக் கம்ப்யூட்டரை அடையாளம் காட்டும் எண்ணைப் பாருங்கள். ரவுட்டர் தானாக வழங்கும் முகவரி, கரண்ட் போய் வந்தால் மாறிவிடலாம். பழைய எண்ணை வைத்து டிரைவ் மேப் செய்த (ஷேர் ஃபோல்டரைத் தன் டிரைவ் போல இணைத்துக்கொண்ட) கம்ப்யூட்டர்கள், ஆள் காலி செய்துவிட்டுப் போன வீட்டின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கம்ப்யூட்டருக்கென்று ஒரு முகவரியை ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடுங்கள். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை நிறுத்துங்கள், தூங்கும் கம்ப்யூட்டர் எதையும் எடுத்துக் கொடுக்காது.

ஃபைல் திறக்க நேரமானால், நெட்வொர்க் ஸ்டேட்டஸில் வேகம் 100 எம்.பி.பி.எஸ். என்று காட்டுகிறதா பாருங்கள். கேபிளின் 8 கம்பிகளில் ஒன்று கனெக்டரில் சரியாக அழுத்திப் பொருத்தப்படாவிட்டாலும் (கிரிம்ப்) 1 ஜிகாபிட் இணைப்பு அந்த அளவுக்கு இறங்கிவிடலாம். நொடிக்கு 125 மெகாபைட் போக வேண்டிய இடத்தில் 12.5தான் போகும். ஒரு கனெக்டரை மாற்றினால் தீரும் விஷயம்.

விண்டோஸ் 10, 11 ஷேர் ஃபோல்டரில் ஒரே நேரத்தில் 20 கருவிகள் வரைதான் இணையலாம். அதைத் தாண்டும்போது சர்வர் வாங்குங்கள். அப்போது இ.சி.சி. ரேம் இருக்கிறதா என்று கேளுங்கள். நினைவகத்தில் ஒரு பிட் (0 அல்லது 1) மாறிப் பிழையானால் அதுவே திருத்திக்கொள்ளும். இரண்டு பவர் சப்ளை உள்ள மாடல் என்றால் இரண்டையும் ஒரே யூ.பி.எஸ்.ஸில் செருகாதீர்கள், அது படுத்தால் இரண்டும் படுத்துவிடும். ஆட்கள் உட்காரும் அறைக்கு, சாதாரணக் கம்ப்யூட்டர் பெட்டி போல நிற்கும் டவர் மாடலே நல்லது. அலமாரிச் சட்டத்தில் செருகும் 1.75 அங்குல உயர ரேக் சர்வரின் குட்டி ஃபேன்கள் போடும் இரைச்சலில் போன் பேச முடியாது!

கேள்வி: ரெய்டு 1 போட்டு இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவு பதிவாகிறது. பிறகு பேக்கப் எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காது, ரெய்டு தரும் பாதுகாப்பு அவ்வளவுதான். நீங்கள் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் அந்த நொடியே மற்றதிலும் அழிந்துவிடும். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் வைரஸ் பூட்டினாலும் அப்படியே. ஆகவே தரவுக்கு 3 பிரதிகள், 2 வகை ஊடகம், அதில் 1 வேறு கட்டடத்தில். எக்ஸ்டர்னல் டிஸ்க்கை நாள் முழுக்கச் செருகியே வைக்காதீர்கள். வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டும். மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து நாலு ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் மீட்டுத் திறந்து பாருங்கள். 'பேக்கப் முடிந்தது' என்று திரையில் வந்ததை மட்டும் நம்ப வேண்டாம்.