சுவாசக் குழாயை எடுத்த பிறகு தண்ணீர் குடித்தாலே அப்பாவுக்குப் புரையேறுகிறது. ஒரு ஸ்பூன் கொடுக்கலாமா?

நிமோனியாவுக்காக ஒன்பது நாள் வென்டிலேட்டரில் இருந்த உங்கள் தந்தையாருக்கு முந்தாநாள் குழாயை எடுத்திருக்கிறார்கள். வாய்வழியாக எதுவும் வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரோ நாக்கு வறண்டு தண்ணீர் கேட்கிறார். யாரும் பார்க்காதபோது ஒரு ஸ்பூன் கொடுத்தால் என்ன என்று கேட்கிறீர்கள். ஐ.சி.யு. நோயாளிகளின் விழுங்கும் சிக்கல்களைக் கவனிக்கும் பேச்சு சிகிச்சையாளராகச் சொல்கிறேன்: தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

அந்தக் குழாய் குரல் நாண்களின் நடுவே புகுந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறது. நாட்கணக்கில் அது அழுத்திக்கொண்டிருந்ததால் குரல்வளையில் வீக்கமும் புண்ணும் ஏற்பட்டிருக்கலாம். அங்கே உணர்ச்சி மங்கியிருக்கும். வேலையின்றிக் கிடந்த நாக்கும் தொண்டைத் தசைகளும் மெலிந்திருக்கும். விழுங்கும் அந்த ஒரு நொடியில் மூச்சு நின்று, குரல்வளை மேலெழும்பி மூடிக்கொள்ள வேண்டும். நுரையீரல் இன்னும் தேறாமல் மூச்சு வாங்குகிறவருக்கு அந்த நொடிகூடக் கிடைப்பதில்லை. இது அரிதான சிக்கலும் அல்ல. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், குழாய் எடுத்தபின் சோதிக்கப்பட்டவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு விழுங்குவதில் சிக்கல் இருந்தது.

நமக்குப் புரையேறினால் யாராவது உச்சந்தலையில் தட்டுவார்கள், இருமியதும் சரியாகிவிடும். உங்கள் தந்தையார் இருமுகிறார் என்பது ஒருவகையில் நல்ல அறிகுறிதான், ஆனால் ஒவ்வொரு முறையும் இருமுவார் என்று நம்ப முடியாது. உணர்ச்சி மங்கிய குரல்வளை வழியாகத் தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினாலும் முகத்தில் சிறு சுளிப்புகூடத் தெரியாமல் போகலாம். ஒரு ஸ்பூன் குடித்துவிட்டு அவர் அமைதியாகப் படுத்திருப்பதைப் பார்த்து நீங்கள் நிம்மதி அடைந்தால், அந்த நிம்மதிக்கு ஆதாரம் இல்லை.

வீட்டாருக்கு நம்பக் கடினமாக இருப்பது, தண்ணீரைவிடக் கெட்டியான உணவு பாதுகாப்பாக இருக்கலாம் என்பதுதான். தண்ணீர் நாக்கில் நிற்காமல் ஓடிவிடுவதால், தாமதமாக மூடும் குரல்வளையை அது முந்திக்கொள்கிறது. பருக்கை மிதக்கும் கஞ்சியும் ரசம் சாதமும் இன்னும் சிரமம். வாய் பருக்கையை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். கேழ்வரகுக் கூழைப் போலக் கட்டியில்லாமல் ஒரே பதத்தில் இருப்பதைத்தான் பெரும்பாலும் முதலில் முயன்று பார்ப்போம். ஆனால் தேவைக்குமேல் கெட்டியானால் தொண்டையில் தங்கும். ஆகவே பதத்தை நீங்களாக முடிவு செய்ய வேண்டாம்.

விழுங்கும் திறனைப் பரிசோதிக்க வேண்டுமென்று மருத்துவரிடம் கேளுங்கள். சிகிச்சையாளர் உங்கள் தந்தையாரை நிமிர்த்தி உட்காரவைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்து, குரல்வளை எழும்புகிறதா என்று விரலை வைத்துப் பார்ப்பார். விழுங்கியபின் “ஆ” என்று சொல்லச் சொல்வார். அந்தக் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கொழகொழவென்று ஒலித்தால், குரல் நாண்களின்மேல் ஏதோ தேங்கியிருக்கிறது என்று பொருள். சந்தேகமிருந்தால் மூக்கு வழியாக மெல்லிய கேமராவைச் செலுத்தியோ, எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுத்தோ பார்ப்பார்கள்.

அதுவரை தாகத்துக்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, நன்றாகப் பிழிந்த ஈரத்துணியால் உதட்டையும் நாக்கையும் அடிக்கடி துடைத்துவிடுங்கள். பல்லையும் நாளுக்கு இருமுறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். எச்சிலும் உள்ளே இறங்கக்கூடும் என்பதால், அழுக்கான வாயிலுள்ள கிருமிகளே மறுபடி நிமோனியாவைக் கொண்டுவரலாம்.

பலருக்கு இது சில நாட்களில், சிலருக்குச் சில வாரங்களில் சரியாகிறது. மூக்கு வழியாக இரைப்பைக்கு உணவு செலுத்தும் குழாயான ரைல்ஸ் டியூபை எப்போது எடுப்பார்கள் என்று தினமும் கேட்கத் தோன்றும். வாய்வழியாக உண்பது பாதுகாப்பாகவும், உடலுக்குப் போதுமான அளவிலும் இருக்கும்போது எடுப்பார்கள். வீடு திரும்பிய பிறகு காய்ச்சலோ, சாப்பிட்டதும் கொழகொழத்த குரலோ வந்தால் மறுநாள்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.