கேப்சூல் கூட்டை மெஷின் எப்படி செய்யுது?
கேப்சூல் கூடு பெரும்பாலும் ஜெலட்டின்லதான் செய்யறாங்க. ஜெலட்டின்னா மாடு, பன்றி மாதிரி விலங்குகளோட தோல், எலும்புல இருந்து எடுக்கற புரதம், சூட்டுல கரைசலா இருக்கும், ஆறினா கெட்டியாயிடும், மொத்த மெஷினும் இந்த ஒரு குணத்தை நம்பித்தான் ஓடுது. வரிசையா நிக்கற ஸ்டீல் குச்சிங்க சூடான கரைசல்ல முங்கி ஏறும், வழிஞ்சிடாம இருக்க சுழன்டுகிட்டே தலைகீழா திரும்பும், அதனாலதான் கூடு எல்லா பக்கமும் ஒரே கனமா வருது. உருகின மெழுகுல விரலை முக்கி, ஆறினதும் உருவினா விரல் வடிவத்துல ஒரு தொப்பி வருமே, அதே கதைதான். அப்புறம் காத்துல காய வைக்கறதுதான் ரொம்ப நுணுக்கமான வேலை, 13-16 சதவீத ஈரம் உள்ள தங்கணும், அதைவிட காஞ்சா நொறுங்கும், கூடினா குழைஞ்சு ஒட்டிக்கும். கடைசியா உருவி, ஓரம் வெட்டி, மூடியை மாட்டிடும். மருந்து நிரப்பறது வேற மெஷின்.

நிறைய பேர் இதை பிளாஸ்டிக்னு நினைச்சு பயப்படறாங்க, இல்லங்க, வயித்துல சில நிமிஷத்துல கரையற புரதம்தான் இது.