தொப்பி உச்சியில் இலை ஏன் சரிகிறது?

சுன்னாகத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "கனடாவிலுள்ள பேத்திக்கு இலை டிசைனில் கம்பளித் தொப்பி பின்னுகிறேன். 12 கண்ணிக்கு (ஊசியில் நிற்கும் வளையம்) ஓர் இலையாக 96 கண்ணி. உச்சியில் இரண்டிரண்டாகச் சேர்த்துக் குறைத்தால் இலைகள் ஒரு பக்கமாகச் சரிகின்றன. விலைக்கு வாங்கிய பின்னல் வரைபடப் பிரதியில் உள்ளபடிதான் செய்தேன்."

உங்கள் கையில் பிழையில்லை அம்மா. இரண்டு கண்ணியைச் சும்மா சேர்த்துப் பின்னினால் அது வலப்பக்கம் சாயும். எல்லா இடத்திலும் அதையே செய்தால் உச்சி சுழலத்தான் செய்யும். இடப்பக்கம் சாய்வதற்கு, இரண்டு கண்ணியையும் ஒவ்வொன்றாக, பின்னப்போவதுபோல் ஊசியை விட்டு வலது ஊசிக்கு மாற்றுங்கோ. பிறகு இடது ஊசியை அவற்றின் முன்பக்கமாக நுழைத்துச் சேர்த்துப் பின்னுங்கோ. ஒவ்வோர் இலையின் தொடக்கத்திலும் இது, முடிவில் நீங்கள் செய்த பழைய முறை. இரண்டும் நடுவை நோக்கிச் சாய, இலை கூராகும்.

இலை டிசைனுக்காக ஊசியில் நூலைச் சுற்றி ஓட்டை விடுவதை உச்சியில் நிறுத்துங்கோ. ஓட்டை ஒரு கண்ணியைக் கூட்டும். குறைத்ததை அது திருப்பித் தந்துவிடும். ஒரு சுற்றுக் குறைத்து, ஒரு சுற்றுச் சும்மா பின்னினால் இலை 12, 10, 8 என்று இறங்கி 2 ஆகும். மிஞ்சும் 16 கண்ணிக்குள்ளும் நூலை ஓட்டி இழுத்துக் கட்டலாம்.

அந்தப் பிரதிகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வலச்சாய்வுக்கும் இடச்சாய்வுக்கும் எதிரெதிராகச் சரிந்த இரு கோடுகள்தான் அடையாளம். பிரதிக்குமேல் பிரதி எடுத்து விற்பவர்களிடம் அது மங்கி எல்லாம் ஒரே கோடாகிவிடும். காசை வாங்குகிறார்கள், பின்னிப் பார்ப்பதில்லை. சான்றிதழ் வகுப்புகளிலும் ஒரே குறைப்பைத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். கண்ணி எந்தப் பக்கம் சாயும் என்று ஒருவரும் கேட்பதில்லை. "சுத்தக் கம்பளி" என்று தரும் நூலின் நுனியையும் கொளுத்திப் பாருங்கோ. மயிர் கருகும் மணம் வந்தால் கம்பளி, உருகிக் கட்டியானால் செயற்கை நூல்.

வட்டமாக இல்லாமல் இரண்டு ஊசியில் தட்டையாகப் பின்னினால் மட்டும் கவனம். ஓரம் தைக்க 2 கண்ணி கூட்டி 98 போடுங்கோ. குறைப்பது எப்போதும் முன்பக்க வரியிலேயே இருக்கட்டும். பின்பக்க வரியில் இரண்டைச் சேர்த்து மறுபின்னல் (பின்பக்கத்தில் போடும் பின்னல்) போட்டால் முன்னால் அது வலச்சாய்வாகத் தெரியும். இடச்சாய்வை அங்கே செய்ய ஊசியைப் பின்னாலிருந்து வளைத்து நுழைக்க வேணும். அந்தச் சிரமம் உங்களுக்குத் தேவையில்லை.

சரிந்த உச்சியை அவிழ்க்குமுன், குறைக்கத் தொடங்கிய சுற்றுக்குக் கீழே 96 கண்ணியிலும் வேறு நிற நூலொன்றை ஓட்டிவிடுங்கோ. அவிழ்ப்பு அந்த நூலோடு நின்றுவிடும்.