மதி: எம்.ஏ. பொருளாதாரம் படித்தவர் சுகாதாரக் கொள்கைக்குள் வர முடியுமா?

எம்.ஏ. பொருளாதாரம் முடித்து நான்கு வருடம் வங்கியில் இருக்கிறீர்கள், சுகாதாரக் கொள்கைப் பக்கம் வர ஆசை, ஆனால் ‘எம்.பி.பி.எஸ். இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள்’ என்று பயமுறுத்துகிறார்கள். அதுதானே பிரச்சினை? அந்தப் பயத்தை விடுங்கள். மருந்து வேலை செய்யுமா என்பது மருத்துவரின் கேள்வி. அதே பணத்தில் வேறு எதைச் செய்தால் அதிகம் பேர் பிழைப்பார்கள் என்பது நம்முடையது.

இந்தியாவில் இதற்கென்றே 2017-ல் சுகாதார ஆராய்ச்சித் துறையின் கீழ் ஓர் அமைப்பு வந்தது, ‘ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட் இன் இந்தியா’, சுருக்கமாக எச்.டி.ஏ.இன். ஒரு மருந்தோ சிகிச்சையோ செலவுக்கேற்ற பலன் தருகிறதா என்று மதிப்பிடுவதுதான் அதன் வேலை. அதன் ஆய்வு மையங்களில் பொருளாதாரம் படித்தவர்களுக்கும் இடம் உண்டு. பெரும்பாலும் ஒப்பந்த வேலைதான். வங்கிச் சம்பளத்தை எதிர்பார்க்காதீர்கள், வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்!

வேலையை விடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 75-ஆம் சுற்று, 2017-18, மருத்துவச் செலவு பற்றியது. குடும்பவாரித் தரவு இலவசமாகவே கிடைக்கும். அதை அலச உதவும் ‘ஆர்’ (R) என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம். மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் கைக்காசு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 என்கிறது அரசுக் கணக்கு. இந்த இறக்கம் நிஜமா, கணக்கெடுத்த விதத்தால் வந்ததா என்று இன்னும் சண்டை நடக்கிறது. அந்த 75-ஆம் சுற்றுத் தரவில் தமிழ்நாட்டை மட்டும் எடுத்துப் பத்துப் பக்கம் எழுதிப் பாருங்கள். நேர்காணலில் சான்றிதழைவிட அதைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். அப்புறம், கணக்குப் போடும்போது எடைக்காரணிகளை, அதாவது மாதிரியில் உள்ள ஒரு குடும்பம் எத்தனை குடும்பங்களுக்குப் பிரதிநிதி என்று சொல்லும் எண்களை, சேர்க்க மறக்காதீர்கள். நான் மறந்து அசடு வழிந்திருக்கிறேன்.