ஏற்காடு வளைவு ஓட்டிய கைக்கு ஐரோப்பா எப்படி?

கேள்வி: மகன் ஜெர்மனியில் இருக்கிறான். அங்கே வாடகைக் கார் எடுத்து ஆஸ்திரியா, இத்தாலி, அப்புறம் காரோடு கப்பலேறி கிரீஸ் என்று நாற்பது நாள் சுற்ற ஆசை. இருபது வருஷமாக ஏற்காட்டுக்கு ஓட்டுகிறேன், அந்த அனுபவம் போதுமா?
- வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: 20 கொண்டை ஊசி வளைவு பழகிய கை, இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயையும் சமாளித்துவிடும், அங்கே ஒரு பக்கத்தில் மட்டும் 48 வளைவு. சிக்கல் வேறு. அங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும், அதனால் முதல் இரண்டு நாள் மகனே ஓட்டட்டும். ஆர்.டி.ஓ. ஆபீஸில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருஷம் செல்லும்.

நான்கு நாட்டுக்கும் ஒரே ஷெங்கன் விசாதான், 180 நாளில் 90 நாள் வரை. அதிக நாள் தங்கும் நாட்டுக்கு விண்ணப்பிக்கவேண்டும். இத்தாலியில் நம்மூர் மாதிரி டோல்கேட், ஆஸ்திரியாவில் முன்கூட்டியே வாங்கும் விக்னெட் என்ற சாலைக் கட்டணச் சீட்டு.

வாடகைக் காரைக் கப்பலில் ஏற்றலாமா, கிரீஸுக்குக் கொண்டுபோகலாமா என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்காமல் டிக்கெட் போடாதீர்கள். இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ராத்திரி ஏறினால் காலையில் கிரீஸின் இகுமெனிட்சா துறைமுகம். கப்பல் கிளம்பியதும் கார் தளத்தைப் பூட்டிவிடுவார்கள். நான் ஸ்வெட்டரையும் பிரஷர் மாத்திரையையும் காரிலேயே விட்டுவிட்டு, ஏசி குளிரில் விடிய விடிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ராத்திரிக்கு வேண்டியதைத் தனிப் பையில் எடுத்துவைத்துவிட்டு, ஹேண்ட்பிரேக் போட்டு, மேலே போங்கள்.